கருப்பன் வாங்கிக்கொண்ட பூட்ஸ்

வெள்ளைத்துரை என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் கல்யாணத்தன்று. மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். தாலி ஏறிவிட்டது. பந்தலுக்குப் பின்பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல், "ஏலேய் வெள்ளத்துர, எந்திரிடா! எந்திரிக்கிறியா இல்லையா?" என்று கத்துகிறது. பெயரைக் கேட்டதும், மாப்பிள்ளை வீட்டில் யாரோ பெரிய மனுசர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார் போலிருக்கிறது, இப்படிப்பட்ட குடும்பத்திலா வந்து விழுந்தோம் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு ஏழு வயசு. கலர் பாட்டில்களைக் குளிரவைக்க மதுரையிலிருந்து ஒரு ஐஸ் பாளத்தை மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். இவன் சாக்கை விலக்கிவிட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். பெற்ற தாய் எழுந்திருக்கச் சொன்னால், "எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல ஆத்தா, எல்லாம் போயிருச்சு" என்று அழுகிறான். மரத்துப் போயிருக்கிறது. என் மாமியார் மணவறையை விட்டுப் போய் வெந்நீர் வைத்து ஊற்றித்தான் ஆளை எடுத்தார். என் கல்யாணப் போட்டோவில் மாமியார் இல்லாததற்கு அதுதான் காரணம். சண்டை என்று இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளைத்துரை என் மாமியாரின் கூடப் பிறந்த தங்கை மகன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, எனக்குக் கொழுந்தன். வளர்ந்து ஆளானதும் மதுரையில் ஒரு ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்கினான். அப்புறம் பரவை மார்க்கெட்டில், மொத்த வியாபாரி ஒருவரின் குளிர் அறைக்குப் பொறுப்பாளாகப் போனான். கேரட்டும் பீன்ஸும் மலையிலிருந்து வந்து இறங்கும். அவற்றை உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, சூட்டைப் பார்த்துக் குறைத்துக் கூட்டி வைக்க வேண்டும். முப்பது வருசமாக வெளியே வெயிலிலும் உள்ளே குளிரிலும் மாறி மாறி நிற்கிறான். அதில் இருபத்திரண்டு வருசம் வெறுங்காலோடு.

பரவையில் அவனை வெறுங்கால் வெள்ளைத்துரை என்றால்தான் தெரியும். சித்திரை மாதத்தில் மார்க்கெட் தளத்தில் லோடுமேன்கள் செருப்புப் போட்டுக்கொண்டே துள்ளுவார்கள். இவன் மெத்தையில் நடப்பது போல நடப்பான். பந்தயம் கட்டியிருக்கிறான் என்று சிலரும், கஞ்சன் என்று சிலரும் சொல்வார்கள். பெற்ற மகள் சத்யப்ரியாவே வீம்பு என்றுதான் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, "அப்பா, நீ கேட்டுக்கு உள்ள வராத, வெளியவே நில்லு" என்று சொல்லிவிடுவாள். இவனும் நிற்பான்.

காரணம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, அவன் பெண்சாதி செல்லத்தாய்க்கு, எனக்கு. சத்யப்ரியாவுக்கு ஏழு வயசில் மூளைக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் கண் திறக்கவில்லை. பதினோராவது நாள் வெள்ளைத்துரை பேரையூருக்கு மேற்கே கண்மாய்க்கரையில் இருக்கிற எங்கள் குலசாமி கருப்பன் கோயிலுக்குப் போனான். துணைக்கு நான் போயிருந்தேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிச் சாமி முன்னால் வைத்தான். "எம் புள்ளையக் குடு. இந்தக் கால் சாகுற மட்டும் செருப்புப் போடாது" என்றான். மறுநாள் பிள்ளை கண் விழித்து இட்லி கேட்டது. பிள்ளையிடம் இதைச் சொல்லக் கூடாது, சொன்னால் அப்பன் கால் சுடும்போதெல்லாம் அதற்கு மனசு சுடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். இருபத்திரண்டு வருசம் நானும் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எம்புட்டுப் பெரிய காரியம் என்று தெரியும்.

சத்யப்ரியா படித்து, வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த பாலகணேஷ் என்ற சௌராஷ்டிரா வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு நார்வே போனாள். மாப்பிள்ளையின் அப்பா ராமமூர்த்தி மதுரையில் சேலை வியாபாரம் செய்கிறவர். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவர் நார்வே போய் வந்துவிட்டார். அங்கே மலை மேலே ஒரு பெரிய பனிப்பாளம் இருக்கிறதாம், ஆறு ஒன்று அப்படியே உறைந்து படுத்தது மாதிரி. கூட்டிக்கொண்டு போக ஆள் உண்டு, காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கிவிடலாம். அவர் அதன் மேல் கம்பு ஊன்றி நிற்கிற போட்டோவைப் பெரிதுபடுத்தி, வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தார். சாமி படங்கள் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும்.

சத்யப்ரியா அப்பனை மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் இவன் சாக்குச் சொன்னான். ஒரு வருசம் பீன்ஸ் வரத்து அதிகம். ஒரு வருசம் முட்டி வலி. ஒரு வருசம் பாஸ்போர்ட்டை எலி கடித்துவிட்டது, அது மட்டும் நிஜம். குளிர் தேசத்துக்குப் போனால் செருப்பில்லாமல் தீராது என்று அவனுக்குப் பயம். நாலாவது தடவை அவள் டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டு, போனில் பேசிப் பதிந்தும் அனுப்பியிருந்தாள். குளிர் அறைக் கதவுப் பக்கம் நின்று அதை எனக்குப் போட்டுக் காட்டினான்.

"அப்பா, ஒலகத்துலயே பெரிய ஐஸ உனக்குக் காட்டணும்னு ஆசையா இருக்கு. உனக்கு, அம்மாவுக்கு, எனக்கு மூணு பேருக்கும் பதிஞ்சுட்டேன். ஜூலை பன்னெண்டு. கம்பளிச் சட்ட, கையுற, கறுப்புக் கண்ணாடி எடுத்துக்க. பருத்தித் துணி கூடாது, ஈரமானா வெறச்சிரும். கணுக்கால் மூடுற பூட்ஸ் வேணும். இந்தத் தடவையும் வரலன்னா, சத்தியமா இனிமே ஒன்னக் கூப்புட மாட்டேன்ப்பா. எனக்கு அசிங்கமா இருக்கு."

வெள்ளைத்துரை அதைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை போட்டான்.

"மதினி, பூட்ஸுன்னு சொல்லுது."

"காது கேட்டுச்சு கொழுந்தனாரே."

"போட்டா வாக்குத் தவறிப் போகும். அது எம் புள்ள உசுருக்குக் குடுத்த வாக்கு. போகாட்டி, புள்ளயே போயிரும். இம்புட்டுத்தான் விசயம்."

இம்புட்டுத்தான். ஆனால் இதற்கு ஒரு முடிவு தெரியாமலேயே அவன் ஏற்பாடுகளை ஆரம்பித்துவிட்டான். காலை விட்டுவிட்டு மற்ற உடம்பைத் தயார் பண்ணிக்கொள்வோம் என்று சொன்னான்.

முதலில் குளிர். புருசனும் பெண்சாதியும் தினமும் மத்தியானம் குளிர் அறைக்குள் கேரட் மூட்டைகளுக்கு நடுவே அரைமணி நேரம் உட்கார்ந்து பழகினார்கள். பருத்தி கூடாது என்று மகள் சொன்னதால், வெள்ளைத்துரை மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டான். மேலே சம்பந்தி கொடுத்த ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. செல்லத்தாய்க்கு முகூர்த்தப் பட்டு. வெளியே நாற்பது டிகிரி வெயிலில் லோடுமேன்கள் பனியனைப் பிழிந்துகொண்டிருக்கிறார்கள், கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு மாப்பிள்ளையும் பொண்ணும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செல்லத்தாய் நேரம் வீணாகக் கூடாது என்று பட்டாணி உரித்தாள். ஒரு லோடுமேன் கதவைத் திறந்து, "அண்ணே, மதினிய எந்தத் தேதிக்கு வெளிய எடுக்கணும்? கெட்டுப் போறதுக்கு முன்னால சொல்லுங்க" என்றான்.

"ஒன்னய மொதல்ல உள்ள வைக்கிறேன், வா" என்றாள் செல்லத்தாய். பல் தந்தியடித்ததில் பாதிதான் வெளியே வந்தது.

அடுத்தது நடை. ஐஸில் வெறுங்காலோடு நடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டால் பூட்ஸுக்கே வேலையில்லையே என்று அவனுக்கு ஒரு யோசனை. பழைய கம்பெனியில் சொல்லி, ஆனி மாதத்தில் ஒரு நாள் பத்து மணி வெயிலுக்குப் பன்னிரண்டு பாளங்களை ஆனையூரில் அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். அடுத்த தெருவில்தான் நான் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்கே இவன் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஐஸ் பாளம் வந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. வாசலில் பந்தல் இல்லை. ஆகவே சாவு. எதிர்வீட்டுக்காரி மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். யார் என்று தெரியாததால், "என்னப் பெத்த ஆத்தா" என்று பொதுவாக ஒப்பாரி வைத்தாள். யாரோ போன் போட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. வெள்ளைத்துரையின் பங்காளி ராஜபாண்டி சமயநல்லூரிலிருந்து வண்டியில் மாலையோடு வந்து இறங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், யாருக்கு மாலை வாங்கி வந்தானோ அந்த வெள்ளைத்துரை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் மேல் கையை விரித்து நிற்கிறான்.

ராஜபாண்டி மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "அண்ணே... நீங்க நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன். வழிய விடு. நடை பழகுறேன்."

"அப்ப யாரு செத்தது?"

"ஆரும் சாகல. நாலாவது பாளம் வந்துட்டேன், பேச்சுக் குடுக்காத."

ஐந்தாவது பாளத்தில் வழுக்கி விழுந்தான். எழுப்பி உட்காரவைத்தோம். அதற்குள் வெயிலில் பாளங்கள் பாதியாகிவிட்டன. வந்த ஜனம் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆளுக்கொரு பாத்திரத்தில் ஐஸை உடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரி நன்னாரி சர்பத் போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். மாலையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவன் கழுத்தில் போடவும் முடியாது, திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ராஜபாண்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தான். கடைசியில் தெருவில் போன ஒரு பசு தின்று முடித்தது.

இந்தச் சேதி கேட்டு ராமமூர்த்தி மறுநாள் வந்தார்.

"சம்பந்தி, ஐஸ்ல வெறுங்கால் எல்லாம் நடக்காது. நான் நடந்தவன் சொல்றேன். பூட்ஸு, பூட்ஸுக்குக் கீழ இரும்புப் பல்லு. அத மாட்டிக்கிட்டு, எல்லாரையும் ஒரே கயித்துல கட்டி, வரிசையாக் கூட்டிட்டுப் போவாங்க. ஒருத்தர் விழுந்தா மத்தவங்க இழுத்துக்கலாம்."

"கயித்துலயா? மாடு மாதிரியா?"

"மாடு மாதிரி இல்ல சம்பந்தி. மரியாதையா."

அதையும் பழக வேண்டும் என்று அவரே நைலான் கயிறு கொண்டுவந்திருந்தார். முன்னால் அவர், நடுவில் செல்லத்தாய், கடைசியில் வெள்ளைத்துரை. இடுப்பில் கயிறு கட்டி மூவரும் பால் வாங்கப் போனார்கள். இது என்ன நேர்த்திக்கடன் என்று கேட்டு ஒரு பெண் செல்லத்தாய் காலில் விழுந்து திருநீறு கேட்டாள். செல்லத்தாய் கையில் திருநீறு இல்லாததால் நெற்றியில் இருந்ததைத் தொட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு ஆனையூர்ப் பக்கம் அவளுக்கு ஒரு தனி மரியாதை.

ராமமூர்த்தி போகிறபோது ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே கணுக்காலை மூடுகிற பூட்ஸ், கன்றுக்குட்டி கனம். "என் அன்பளிப்பு. அளவு சரியில்லன்னா பத்து நாளைக்குள்ள மாத்திக்கலாம், கடையில சொல்லியிருக்கேன்" என்றார். வெள்ளைத்துரை அந்தப் பெட்டியை வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான்.

இரும்புப் பல்லுக்கு நல்லகாமன் வந்தான். பேரையூர்ப் பக்கம் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன். இப்போது மாடு குறைந்துபோய் வருசத்துக்குப் பத்து மாடு வந்தால் அதிகம். சம்பந்தி போட்டோவில் இருந்த காலை உற்றுப் பார்த்துவிட்டு, நாலு நாளில் அதே மாதிரி அடித்துக் கொண்டுவந்தான். பூட்ஸுக்கு அடியில் வாரைப் போட்டு இறுக்கினால், காலுக்குப் பத்து ஆணி நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, மனுசக் காலுக்கு இதுதான் மொதல் தடவ. ஒதச்சுராதீங்க."

"சாமிகிட்டக் கேக்காம நான் இதுல விரலக் கூட விடமாட்டேன்" என்றான் வெள்ளைத்துரை.

நான்தான் சொன்னேன், அப்படியானால் கேட்டே விடுவோம், போகிற நாள் வரை இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று. வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டோம். வெள்ளைத்துரை, செல்லத்தாய், நான், பூட்ஸைச் சுமந்துகொண்டு நல்லகாமன். ராமமூர்த்தியும் தன் காரோடு வந்துவிட்டார். பயணத்துக்கு முன்னால் சும்மா ஒரு பூஜை என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தோம்.

கோயிலில் சாமியிடம் கேட்பது எங்கள் வழக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். கேட்கிறவர் மனசுக்குள் கேட்டுக்கொள்வார். விசயம் தெரியாத ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி சொல்லிவிட்டது. சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி கருத்தக்கண்ணன் இலையைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கவனமெல்லாம் அவர் கையில்.

அந்த நேரத்தில் செல்லத்தாய் ஒரு காரியம் செய்துவிட்டாள். எங்கள் வீடுகளில் புதுசாக எது வாங்கினாலும் முதலில் சாமி காலடியில் வைத்து எடுப்போம். வண்டிச் சாவி, மாத்திரைப் பெட்டி, பேரன் பரீட்சைப் பேனா, எதுவானாலும். அவளுக்குக் கை பழக்கம். பூட்ஸ் இரண்டையும் ஆணியோடு எடுத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஆணிக்குக் கீழே காலுக்கொரு எலுமிச்சம்பழமும் வைத்து, கருப்பன் காலடியில் வைத்துவிட்டாள். பூசாரியும் தலையைத் திருப்பினார், புதுசாக ஏதோ இருப்பதைப் பார்த்தார், சூடத்தைக் காட்டிவிட்டார்.

கருப்பனுக்கு என்ன காணிக்கை என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராத்திரியில் ஊரைச் சுற்றி வருகிற சாமி அது. அதற்கு வேண்டிக்கொண்டவர்கள் செருப்புத் தைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தக் கோயில் சுவரெல்லாம் செருப்புத்தான். ஆணி அடித்த செருப்புக்குத் தனி மதிப்பு.

வெள்ளைத்துரைக்கு முதலில் புரிந்தது. "அடியே, என்ன காரியம் பண்ணிட்ட!"

செல்லத்தாய் எடுக்கக் கையை நீட்டினாள். கருத்தக்கண்ணன் குறுக்கே கையை வைத்தார்.

"தாயி, படச்சாச்சு. சூடம் காட்டியாச்சு. இனி அது சாமி செருப்பு."

"அது காணிக்க இல்ல சாமி, எங்க வீட்டுக்காரர் பூட்ஸு!"

"கருப்பனுக்கு முன்னால வச்ச செருப்புக்கு வேற ஆளு ஏது?"

ராமமூர்த்தி முன்னால் வந்தார். "பூசாரி அய்யா, அது பத்து நாளைக்குள்ள மாத்திக்கிற சாமான். அளவு சரியில்லாட்டி..."

கருத்தக்கண்ணன் கருப்பன் காலையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "அளவு சரியாத்தான் இருக்கு" என்றார்.

நல்லகாமன் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் அடித்த லாடத்தைச் சாமியே போட்டுக்கொண்டதாக அவன் ஊரில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

செல்லத்தாய் அழ ஆரம்பித்ததும் ராமமூர்த்தி சமாதானம் சொன்னார். "விடுங்க சம்பந்தியம்மா. பூட்ஸும் ஆணியும் அங்கயே குடுப்பாங்க. எனக்கு அங்கதான் குடுத்தாங்க."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"அங்கயே குடுப்பாங்களா?" என்றான் நல்லகாமன்.

"ஆமா. இது நான் பிரியமா வாங்கினது."

ஆகவே பூட்ஸ் போனாலும் கேள்வி போகவில்லை. வெள்ளைத்துரை கண்ணை மூடிக் கையைக் கூப்பினான். உதடு அசைந்தது. நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது. "கருப்பா, ஒரே ஒரு நாளு விட்டுக்குடு. புள்ள கூட நடந்துட்டு வந்துர்றேன்."

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் போட்டார். "விசயம் தெரியாத ஆளு எடுங்க."

அங்கே விசயம் தெரியாத ஆள் ராமமூர்த்தி ஒருவர்தான். அவர் அந்த நேரம் பார்த்து, மருமகளுக்குப் பூட்ஸ் பூஜையைக் காட்டலாம் என்று வீடியோவில் கூப்பிட்டிருந்தார். இடது கையில் போன், அதில் சத்யப்ரியா முகம். வலது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

வெள்ளைத்துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போனுக்குள்ளிருந்து, "என்னப்பா? செவப்புன்னா என்ன? ஏன் எல்லாரும் இப்புடி நிக்கிறீங்க?" என்று சத்தம் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றான். "என்னால அந்த ஐஸ்ல நடக்க முடியாது போல இருக்கு."

"தெரியும்ப்பா. பீன்ஸு, முட்டி, எலி. இந்தத் தடவ சாமியா? சரிப்பா. நீ அங்கயே இரு. நான் வைக்கிறேன்."

என் கை எப்படிப் போய் அந்தப் போனைப் பிடுங்கியது என்று எனக்குத் தெரியாது.

"வைக்காத. பெரியம்மா பேசுறேன். ஒனக்கு ஏழு வயசுல காச்சல் வந்துச்சுல்ல?"

"மதினி!" என்றான் வெள்ளைத்துரை.

"சும்மா கெட. இருவத்திரண்டு வருசம் ஒனக்காக மூடுன வாயி இது." அவளிடம் சொல்லிவிட்டேன். பதினோரு நாளையும், கழற்றி வைத்த செருப்பையும், மறுநாள் கேட்ட இட்லியையும் சொன்னேன். "வீம்பு இல்லடி அது. ஒன் உசுரு" என்று முடித்தேன். சொல்லி முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

ராமமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சிக்னல் போயிருச்சு போல" என்றார். போகவில்லை. போனில் அவள் முகம் அப்படியே இருந்தது.

பிறகு அவள் கேட்டாள். "நான் ஒன்னய கேட்டுக்கு வெளிய நிக்கச் சொன்னேனேப்பா."

"வெளிய வேப்பமரம் இருந்துச்சும்மா. நல்ல நெழலு" என்றான் வெள்ளைத்துரை.

அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தோம். பூசாரியும் அடுத்த பூஜையை நிறுத்திவைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள். "அப்பா, வெறுங்காலோடயே வா. ஏர்போர்ட்டுக்கும் அப்புடியே வா, நான் வந்து நிக்கிறேன். ஐஸ் தொடங்குற எடம் வரைக்கும் வா. அங்க ஒக்காந்துக்க. நானும் அம்மாவும் மேல போயிட்டு வாரோம்."

"நானா?" என்றாள் செல்லத்தாய்.

"குளிருமே, காலு என்னத்துக்காகும்?" என்று ராமமூர்த்தி கவலைப்பட்டார். கம்பளிக் காலுறை போடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் பூக்கட்ட வேண்டுமா என்று பூசாரியைக் கேட்டோம். கருத்தக்கண்ணன் கோயில் சுவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"இம்புட்டு வருசத்துல கருப்பனுக்குக் காலுற யாரும் வச்சதில்ல. சாமிக்கு வைக்காதது செருப்புக் கணக்குல வராது. போட்டுக்க."

ராமமூர்த்தி அன்றைக்கே ஏழு ஜோடி வாங்கினார். அவற்றைச் சாமி முன்னால் வைத்து எடுக்க வேண்டாம் என்று செல்லத்தாயிடம் எல்லோரும் தனித்தனியாகச் சொன்னோம்.

வியாழக்கிழமை போனார்கள். ஜூலை பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. ஐஸுக்குக் கீழே ஒரு பாறையில், ஏழு ஜோடிக் காலுறையையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டிக்கொண்டு போகிற அந்த ஊர்ப் பெண் பூட்ஸைக் கொண்டுவந்து நீட்டினாளாம். சத்யப்ரியா அவள் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாளாம். அந்தப் பெண் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு, இவன் காலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாளாம். எல்லோருடைய பையையும் இவனிடம் காவலுக்குக் கொடுத்துவிட்டு மேலே போயிருக்கிறார்கள். செல்லத்தாய் கயிற்றில் இரண்டாவது ஆள். பால் வாங்கப் போன பழக்கம், வழுக்கவே இல்லையாம்.

"ஐஸு எப்புடி இருக்கு கொழுந்தனாரே?"

"மதினி, கண்ணுக்கெட்டுன மட்டும் ஐஸு. நீலமா இருக்கு. ஆனா ஒரு பொறுப்பில்ல. இம்புட்டையும் மரத்தூள் கூடப் போடாம வெயில்ல விட்டிருக்காங்க. அடியில உருகி ஆறா ஓடுது. ஆருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

"அதுக்கு மேல ஒக்காந்துராத. வெந்நி வைக்க அங்க ஒங்க பெரியாத்தா இல்ல."

சிரித்தான். அப்புறம், "இந்தா, எறங்கி வாராங்க. எம் புள்ள கையக் காட்டுது" என்று சொல்லி வைத்துவிட்டான்.

பூட்ஸ் கருப்பன் கோயிலில் உள்சுவரில் தொங்குகிறது. வெளிநாட்டு வேலைக்கு விசா கேட்கிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள் என்று கேள்வி. வெள்ளைத்துரை இன்னும் திரும்பவில்லை, நார்வேயில், பெர்கன் என்கிற ஊரில், மகள் வீட்டு மூன்றாம் மாடியில் வெறுங்காலோடுதான் இருக்கிறான்.